பிழைப்பு வேறு, ஈடுபாடு கணினியில்: நான்கு வழிகளின் ஒப்பீடு

கடலூரிலும் புதுச்சேரியிலும் வட்டாட்சியர் அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, மொத்த விற்பனைக் கடை, கூட்டுறவுச் சங்கம், வழக்கறிஞர் அலுவலகம் என எங்கே போனாலும், கணினித் துறையில் படிக்காமலேயே கணினியை ஆழமாக அறிந்த ஒருவரையாவது பார்க்கலாம். அவர் எழுத்தராகவோ ஆசிரியையாகவோ செவிலியராகவோ கணக்கராகவோ இருப்பார். அச்சுப்பொறி நின்றுவிட்டாலும், எக்செல் கோப்பு திறக்க மறுத்தாலும், வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த சுற்றறிக்கை வேறொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமலேயே, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவுவதும் பைதான் என்னும் நிரல்மொழியில் சிறு நிரல் எழுதிப் பார்ப்பதும் அவருக்கு மகிழ்ச்சி.

இப்படிப்பட்டவர் முப்பது வயதை ஒட்டியோ நாற்பதை ஒட்டியோ தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியைப் பற்றியது இக்கட்டுரை: இந்த ஈடுபாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலையை விட்டு மென்பொருள் துறைக்குப் போகலாம், இருக்கும் வேலைக்குள்ளேயே அதைப் பயன்படுத்தலாம், பகுதிநேர வருமானமாக்கலாம், வருமானத்தை எதிர்பாராமல் பொதுப்பணியாகச் செய்யலாம். இந்த நான்கு வழிகளும் இவ்வட்டாரத்தில் திறந்தே இருக்கின்றன. ஆனால் நான்கும் ஒரே அளவு நல்லவை என்று சொல்லிவிட்டு நகர்வது வாசகருக்கு உதவாது. நிலையான வேலையும் குடும்பப் பொறுப்பும் உள்ளவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுக்கவேண்டியது இரண்டாவது வழியே என்பதும், மற்ற மூன்றும் அதிலிருந்து கிளைத்தால்தான் உறுதியாக நிற்கும் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேலையை விட்டு மென்பொருள் துறைக்குப் போவது

இந்த வழிதான் எல்லோர் மனத்திலும் முதலில் எழுகிறது. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களும் இதையே முன்னால் நிறுத்துகின்றன. இதன் உண்மையான விலையைக் கணக்கிடச் சம்பளத்திலிருந்து தொடங்குவோம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருவோரின் ஊதியம் பல ஆண்டுகளாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவில் தேங்கி நிற்கிறது. பிடித்தங்களுக்கு முன் அது மாதம் இருபத்தொன்பதாயிரம் ரூபாய். தமிழ்நாடு அரசில் இளநிலை உதவியாளராகச் சேருபவரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும்போது அது முப்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக, கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பணியில் இருக்கும் ஒருவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்ப் புதியவராகச் சேர்ந்தால், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போகக் கையில் நிற்கும் பணம் முன்பைவிடக் குறையவே வாய்ப்பு மிகுதி. நான்கைந்து ஆண்டுகள் கழித்து மென்பொருள் ஊதியம் வேகமாக ஏறும் என்பது பலருக்கு உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுவிக்கப்போவதாக அறிவித்ததையும் சேர்த்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும்.

தனியார் கடையிலோ சிறு நிறுவனத்திலோ பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுக்காரரின் கணக்கு முற்றிலும் வேறு. அவர் இழப்பதற்கு அதிகமில்லை. கற்றுக்கொள்ளக் காலமும் உண்டு. இந்த முதல் வழி உண்மையாகவே அவருக்கானது. அவர் போகட்டும் என்றே நான் மனமாரச் சொல்வேன்.

இடத்தைப் பொறுத்தும் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து புறப்படுபவர் இன்னும் இருபதுக்கு மேற்பட்ட கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் போய்வரும் தொலைவன்று; குடிபெயர வேண்டும். புதுச்சேரிக்கு அருகே, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அது நல்ல தொடக்கமே என்றாலும், ஒரு கட்டடத்தை நம்பி ஒரு வட்டாரமே வேலையை விட முடியாது. ஊரை விடாமல் துறையை மாற்ற விரும்புபவர் வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத்தான் தேடவேண்டியிருக்கும். அனுபவமில்லாத புதியவருக்கு அத்தகைய வேலையை நிறுவனங்கள் எளிதில் கொடுப்பதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, முன்பு இல்லாத நல்வாய்ப்புகள் இப்போது உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் இணையவழியில் நடக்கும். முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். அடிப்படைநிலை, டிப்ளமா, பட்டம் என எந்தப் படியிலும் சான்றிதழோடு நின்றுகொள்ளலாம் என்பது வேலையில் இருப்பவருக்குப் பெரிய வசதி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. படிப்பை மூன்றாண்டுகளிலும் முடிக்கலாம், ஆறாண்டுகள் வரை நீட்டியும் முடிக்கலாம். நம் மாவட்டத்துச் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதலே தொலைதூரக் கல்வி நடத்திவருகிறது. எதில் சேருவதானாலும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவின் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்; அரசு ஊழியரானால் துறையின் அனுமதியையும் எழுத்தில் பெறவேண்டும்.

‘நூறு விழுக்காடு வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து, கட்டணத்தைத் தனியார் கடனாக மாற்றித் தலையில் கட்டும் குறுகியகாலப் பயிற்சிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பகுதி தேசியத் தொழில்நுட்பவழிக் கற்றல் திட்டமான என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே உண்டு. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், விலையில்லா அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைதான் முதலியவற்றுக்கான சிறுசிறு காணொளிப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. மூன்று மாதம் இவற்றைத் தொடர்ந்து படித்த பிறகும் ஆர்வம் குன்றாதவருக்குத்தான் பணம் கட்டிப் படிக்கும் பேச்சே பொருந்தும்.

இருக்கும் வேலைக்குள்ளேயே பயன்படுத்துவது

இந்த வழியை நான் ஏன் முதலில் வைக்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ‘ஜி.எஸ்.டி.ஆர். 2பி’ என்னும் அறிக்கை உருவாகிறது. கடைக்குச் சரக்கு அனுப்பியவர்கள் தத்தம் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். அவை கடையின் டேலி கணக்கு மென்பொருளிலுள்ள கொள்முதல் பதிவுகளோடு ஒத்துப்போனால்தான் ஏற்கெனவே கட்டிய வரியைச் சிக்கலின்றிக் கழித்துக்கொள்ள முடியும். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு ‘3பி’ என்னும் வரிக் கணக்குப் படிவத்தின் கெடு 20ஆம் தேதி. இடையில் இருப்பது ஆறே நாள். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து விரலால் தடவித் தடவிச் சரிபார்க்கும் கடைகள் இன்றும் உண்டு.

எக்செல் தெரிந்த கணக்கர் இதை ஒரு மணி நேர வேலையாக்கிவிடலாம் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் இரண்டு பட்டியல்களையும் பொருத்தும் சூத்திரத்தை எழுதுவது இதில் மிகச்சிறிய பகுதிதான். ஒரு வணிகர் பில் எண்ணை ‘0045’ என்று பதிவார், கடையில் ‘45’ என்று எழுதியிருப்பார்கள். இன்னொருவர் எண்ணின் வாலில் நிதியாண்டைச் சேர்ப்பார். வேறொருவர் மாதக் கடைசியில் அனுப்பிய சரக்கை அடுத்த மாதக் கணக்கில் காட்டுவார். எண்ணெய் ஆலைக்காரர் காசுகளை முழு ரூபாயாக்கிவிடுவார். எந்த வணிகர் எப்படி எழுதுவார் என்பது அந்த நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவருக்கே தெரியும். சென்னையிலிருந்து அமர்த்தப்படும் நிரலாளருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கணக்கரிடம்தான் வந்து கேட்கவேண்டும். இரண்டு அறிவும் ஒரே தலையில் இருப்பதுதான் அரிது. கணினியை நேசிக்கும் கணக்கரிடமும், ஆசிரியையிடமும், செவிலியரிடமும் அந்த அரிய சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு நிரலாளர்களின் வரிசையில் கடைசி ஆளாக நிற்கும்போது அவர் அதில் பாதியை வீசிவிட்டுப் போகிறார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியபின் இந்த வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கிறது. எக்செல் சூத்திரத்தையோ சிறு பைதான் நிரலையோ எழுதித்தர இன்று அக்கருவிகளே போதும். ஆனால் எதைக் கேட்கவேண்டும், வந்த விடை சரியா என்பதைத் தொழில் தெரிந்தவரே சொல்ல முடியும். நிரலின் இலக்கணத்தை மட்டும் அறிந்தவரின் மதிப்பு இதனால் குறைகிறது. தொழிலையும் அறிந்து, நிரலையும் படித்துச் சரிபார்க்கத் தெரிந்தவரின் மதிப்பு கூடுகிறது.

பிற தொழில்களிலும் இப்படிப்பட்ட வேலைகள் காத்திருக்கின்றன. இரவுப்பணி முடித்தவரை மறுநாள் காலைப்பணியில் போடாமலும், விடுப்புகள் மோதாமலும் செவிலியர் பணிமுறைப் பட்டியலைத் தயாரிப்பது எந்த வார்டிலும் தீராத தலைவலி. ஒரு நல்ல விரிதாள் அதைப் பெரிதும் குறைக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யுனிகோடு), அதாவது எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக் குறியீட்டை, தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் இன்னும் அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால், ஒரு பழைய அரசாணையைத் தேடி அலமாரியைக் குடைவதற்குப் பதிலாகச் சொல்லைத் தட்டித் தேடலாம். இவ்வேலைகளுக்குப் பெரிய தரவுத்தளமோ புதிய மென்பொருளோ வேண்டியதில்லை. எக்செல் ஒரே தாளில் 10,48,576 வரிசைகளை ஏற்கும்; ஒரு பள்ளியின், ஒரு கடையின், ஒரு வார்டின் தேவைக்கு அது மிக அதிகம். விலை கொடுக்க முடியாத இடங்களில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

இந்த வழியிலும் குழிகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இதைப் புகழ்வது நேர்மையாகாது. முதலாவது, கூலியில்லாத கூடுதல் வேலை. கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்துவிட்டால் அலுவலகத்தின் எல்லாத் தரவுப் பதிவும் அவர் மேசைக்கே வந்துசேரும். பதவி உயர்வு மட்டும் பணிமூப்பின்படியே வரும். எனவே பிறருடைய வேலையைச் செய்துகொடுப்பதற்கும், எல்லோருடைய வேலையையும் குறைக்கும் ஒரு கருவியை உருவாக்குவதற்கும் இடையே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முன்னதை மறுக்கப் பழக வேண்டும். பின்னதை மேலதிகாரியின் அறிவோடு, எழுத்து வடிவிலான ஒப்புதலோடு செய்யவேண்டும்.

இரண்டாவது குழி, ஆள் மாறியதும் கருவி சாவது. கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்கு மாற்றலானால் அந்தக் கோப்பை யாரும் தொடமாட்டார்கள். பிழை வந்தாலும் அது யாருக்கும் தெரியாது. கோப்பின் முதல் தாளிலேயே, அது என்ன செய்கிறது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்பவேண்டும், எது மாறினால் எதைத் திருத்தவேண்டும் என்று எளிய தமிழில் எழுதிவைப்பதும், இன்னொருவரை உட்காரவைத்து அவர் கையாலேயே ஒருமுறை செய்யச்சொல்லிப் பார்ப்பதும் கட்டாயம். பழைய முறையையும் புதிய முறையையும் இரண்டு மாதமாவது இணையாக நடத்தி, விடைகள் ஒத்துப்போன பின்பே பழையதை விடவேண்டும்.

மூன்றாவது, பிறருடைய விவரங்கள். நோயாளியின் நோய் விவரமும் மாணவரின் ஆதார் எண்ணும் ஊழியரின் சொந்தக் கைப்பேசியிலோ, தனிப்பட்ட கூகுள் கணக்கிலோ, செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உரையாடல் பெட்டியிலோ போய்ச்சேரக் கூடாது. தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பித் தந்த விவரத்தைக் காப்பது நம் கடமை. பெயர்களை நீக்கிவிட்டு, கற்பனையான பத்து வரிகளைக் கொண்டு கருவியை உருவாக்கி, பின்னர் அலுவலகக் கணினியில் மட்டும் உண்மை விவரங்களை ஏற்றுவது பாதுகாப்பான முறை.

பகுதிநேர வருமானம்

இங்கே முதலில் பார்க்கவேண்டியது சட்டம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சில மைல் தொலைவே என்றாலும் அரசு ஊழியருக்கான விதிகள் வேறு. கடலூரில் பணியாற்றும் மாநில அரசு ஊழியர் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கும், புதுச்சேரி அரசு ஊழியர் 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளுக்கும் உட்பட்டவர். இரண்டுமே முன் அனுமதியின்றித் தனியார் தொழிலோ வேலையோ செய்வதைத் தடுக்கின்றன. மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ கணக்குத் தொடங்கிச் செய்யலாம் என்று ஆலோசனை சொல்பவர்களைக் கேட்கவேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்காக ஓய்வூதியத்தையே பணயம் வைக்கும் செயல் அது. தனியார் ஊழியர்கள் தம் நியமனக் கடிதத்தை எடுத்து வேறு வேலை செய்வது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுவது நல்லது.

வரி குறித்த பயம் தேவையில்லை. ஆண்டுக்கு இருபது லட்சம் ரூபாய்க்குள் சேவை வருமானம் பெறுபவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டியதில்லை. கடலூர்க்காரர் புதுச்சேரி வாடிக்கையாளருக்குச் சேவை செய்தால் அது வேறு ஆட்சிப்பகுதிக்கான வழங்கலாகும். எனினும் 2017 அக்டோபர் முதல் அதற்கும் இதே வரம்புதான். வருமான வரிக் கணக்கில் மட்டும் அதைத் தவறாமல் காட்டவேண்டும்.

எந்த வேலை செய்வது? கடைகளுக்கு இணையதளம் செய்துகொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இன்று சிறு கடைகள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வியாபாரத்தை நடத்திக்கொள்கின்றன. இணையதளம் கேட்பவரும் ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் பராமரிப்பை இலவசமாக எதிர்பார்ப்பார். மடிக்கணினி பழுதுபார்ப்பதும் கேமரா பொருத்துவதும் நேரத்தை விழுங்கும். பகலில் வேறு வேலை பார்ப்பவரால் வாடிக்கையாளரின் அவசரத்துக்கு ஓட முடியாது. தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வதும், அவற்றை மின்னூலாக்குவதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நிரலெழுதக் கற்றுத்தருவதும் ஓரளவு பொருந்தும். அவற்றின் நேரத்தை நாமே வகுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் மேலானது, இரண்டாம் வழியில் சொன்ன கருவிகளைத் தன் தொழிலைச் சேர்ந்த பிறருக்குச் செய்துகொடுப்பது. தன் கடைக்கு 2பி சரிபார்க்கும் விரிதாளை உருவாக்கிய கணக்கர், முதலாளியின் சம்மதத்தோடு பண்ருட்டி முந்திரி வணிகர் ஒருவருக்கு அதைப் பொருத்திக்கொடுத்தால், அவர் விற்பது கணினி அறிவை மட்டும் அன்று. அதனால் விலையும் மரியாதையும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும். மாலை நேரத்து மகிழ்ச்சிக்குக் கெடு நாளும் வசூலும் வந்து சேர்ந்தபின் அது மகிழ்ச்சியாக நீடிப்பதில்லை என்று உணர்பவர்கள் பலர். பணம் உண்மையாகவே தேவைப்படாதவர் இந்த வழியைத் தவிர்த்துவிட்டு நான்காவதற்குப் போகலாம்.

பொதுப்பணியாகச் செய்வது

இதைப் பொழுதுபோக்கு என்று குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் பெரும் பங்கு, கணினியைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களுடையது. இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவரான நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் தமிழ் விரிவுரையாளர். மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி, தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்காக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை வழிநடத்திய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியலாளர். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்ட மயூரநாதன் கட்டடக்கலைஞர். இவர்கள் தம் தொழிலை விடவில்லை. மாலை நேரங்களில் செய்த பணியின் மேல்தான் இன்று நாம் தமிழில் தட்டச்சு செய்கிறோம், படிக்கிறோம், தேடுகிறோம்.

நம் வட்டாரத்துக்கே சொந்தமான சான்றும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில், வில்லியனூரை மையமாகக் கொண்டு, கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அவற்றைப் பொறியாளர்கள் நடத்தவில்லை. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கணினியைக் கற்று நடத்தினார்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலிருந்த மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்து, கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை (சுனாமி) வந்தபோது, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, அந்த எச்சரிக்கையை ஊர் முழுவதற்கும் கொண்டுசென்றது இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கியே. மக்கள் உயிர் தப்பினார்கள். அங்கே பயன்பட்ட தொழில்நுட்பம் மிக எளியது. அதை ஊருக்குள் யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதே உயிர்களைக் காத்தது.

இன்று செய்யக்கூடியவையும் பல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து பெருமழை கொட்டியதையும், தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிகளைச் சூழ்ந்ததையும் பார்த்தவர்களுக்கு, தெருவும் சந்தும் மேட்டுப் பள்ளிக்கூடமும் சரியாகக் குறிக்கப்பட்ட வரைபடத்தின் தேவை விளங்கும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் தன் தெருவைத் தானே குறிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை மெய்ப்புப் பார்க்கலாம். குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்கு நம் வட்டாரக் குரலைத் தரலாம். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் இயங்குகின்றன. மேலே சொன்ன மத்திய நடத்தை விதிகள்கூட ஊதியமில்லாத சமூகப் பணியையும், எப்போதாவது செய்யும் இலக்கிய, அறிவியல் பணியையும் அலுவலகக் கடமைக்கு இடையூறு வராத அளவில் அனுமதிக்கின்றன. எனவே அந்த விதிகளுக்கு உட்பட்ட அரசு ஊழியருக்கு இவ்வழி அச்சமற்றது. கூட்டாகச் செய்யும் பணியில், நிரலைப் பிறர் படித்துத் திருத்தும் பழக்கமும் கிடைக்கிறது. தனியாக வீட்டில் படிப்பவருக்கு எந்தக் காணொளியும் அதைத் தராது.

யாருக்கு எது

முப்பது வயதுக்குள், குறைந்த சம்பளத்தில், பெற்றோர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு முதல் வழியைச் சொல்வேன். ஆனால் முதல் ஆண்டை வேலையில் இருந்தபடியே படிப்பில் செலவிட வேண்டும். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே உள்ளவருக்கு இரண்டாவதும் நான்காவதும். பிள்ளைகளின் படிப்புச் செலவு அழுத்தும் தனியார் ஊழியருக்கு இரண்டாவதிலிருந்து கிளைக்கும் மூன்றாவது. வீட்டுவேலையும் அலுவலக வேலையும் சேர்ந்து மாலையில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காத பெண் ஊழியர்களுக்கு மற்றவர்கள் ‘மாலையில் படியுங்கள்’ என்று சொல்லும் அறிவுரை பயன்படாது. அவர்களுக்கு அலுவலக நேரத்துக்குள்ளேயே கற்றுச் செய்யக்கூடிய இரண்டாம் வழிதான் நடைமுறையில் திறந்திருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்கித்தருவதை மேலதிகாரிகள் தம் பொறுப்பாகக் கொள்ளவேண்டும்.

நாற்பதை ஒட்டிய வயதில் துறையை மாற்றியே தீரவேண்டும் என்று எண்ணுபவருக்கும் ஒரு நடுவழி உண்டு. மருத்துவமனை மென்பொருளை நிறுவும் நிறுவனங்களுக்கு வார்டு தெரிந்த செவிலியர் வேண்டும். கணக்கு மென்பொருள் நிறுவனங்களுக்குக் கடைக்கணக்கு தெரிந்தவர் வேண்டும். கல்வி மென்பொருளுக்கு வகுப்பறை தெரிந்த ஆசிரியர் வேண்டும். அங்கே அவர் புதியவராக நுழையமாட்டார். பழைய அனுபவமும் சேர்த்தே எண்ணப்படும். அத்தகைய நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களைவிட, தன் பழைய அலுவலகத்தில் தான் உருவாக்கி, தான் இல்லாதபோதும் பிறர் பயன்படுத்திவரும் ஒரு கருவியின் மாதிரியை, உண்மை விவரங்களை நீக்கிவிட்டுக் கொண்டுபோவது நல்லது. அப்படி ஒன்று இன்னும் கையில் இல்லையென்றால் ராஜினாமாக் கடிதத்தை எழுத வேண்டாம். முதலில் அதை உருவாக்கட்டும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்து, புதிய இடத்தின் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே பழைய இடத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கொடுத்த பின், அறிவிப்புக் காலத்தில், அந்தக் கருவியை அடுத்தவருக்கு முழுமையாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.